மாடத்தியின் உள்ளங்கை

1975 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடிச் சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு லீவு லெட்டர் வந்தது. எழுதியவள் கோமதியம்மாள். அங்கே கொழுந்து கிள்ளுகிறவள். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், குடியிருந்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் லயத்தில் யார் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமானாலும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். இந்தக் கடிதம் அவளுடைய சொந்த விஷயமாக எழுதியது.

"என் மகள் சுடலைமாடத்தி, இரண்டாம் வகுப்பு, காய்ச்சல் அடித்துக் கையிலும் காலிலும் பொரி போட்டிருக்கிறது. பெரியம்மை வந்திருப்பதால் ஒரு வாரம் வீட்டில் இருப்பாள். லீவு தரவும்."

பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து மாதவக் குறுப்பு என்று ஒரே வாத்தியார். அவருக்குத் தமிழ் பேசினால் புரியும், வாசிக்க வராது. பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாமென்றால், அவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்திருந்தது மலையாளம். கடிதத்தைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் என்ன விஷயம் என்று கேட்டார். அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இங்கயெல்லாம் பொரி ஸார்" என்றாள்.

காய்ச்சலும் பொரியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே தகவல் கொடுக்க வேண்டும் என்று எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சர்க்குலர் வந்திருந்தது. குறுப்பு ஸார் சர்க்குலர்களை மதிப்பவர். கடிதத்தை அப்படியே மடித்து, கீழே இறங்குகிற தேயிலை லாரியில் மலையடிவாரத்து ஹெல்த் சென்டருக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே டாக்டராக இருந்த சேஷனுக்கு இருபத்தேழு வயது. திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு அந்தப்புறம் கோட்டைக்குள் ஓர் அக்கிரகாரத் தெருவில் வளர்ந்தவர். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளத்திலும் இங்கிலீஷிலும். தமிழ் எழுத்தை அம்மா காலண்டரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். காலண்டரில் வராத வார்த்தைகளை அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுத்துக் கூட்டினார். மூன்று தடவையும் பெரியம்மை என்றே வந்தது.

அவருடைய வீட்டில் அம்மாவின் அக்காவைப் பெரியம்மா என்பார்கள். பெரியம்மை என்றால் அவருக்குத் தெரிந்து ஒரே ஒரு பொருள்தான். மலையாளத்தில் வசூரி.

நாட்டில் ஆறு மாதமாக ஒரு வசூரி கேஸ்கூட இல்லை. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால் அந்த நோய் ஒழிந்தது என்று உலகத்துக்கே அறிவித்துவிடலாம் என்று டில்லியில் காத்துக்கொண்டிருந்தார்கள். நெருக்கடி நிலைக் காலம் வேறு. ஜில்லா ஆபீசில் போனை முதல் மணியிலேயே எடுத்தார்கள். சேஷன் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். பிறகு, "நிச்சயமா?" என்று கேட்டார்கள். "லெட்டர்ல அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார் சேஷன்.

போனை வைத்துவிட்டுத் தளவாயைக் கூப்பிட்டனுப்பினார்.

தளவாய்க்கு ஐம்பத்து நான்கு வயது. நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரர். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் அச்சுக்குத்துகிறவராக, அதாவது அம்மை குத்துகிறவராக, வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வாக்ஸினேட்டர் என்றார்கள். இப்போது ஹெல்த் வொர்க்கர். முப்பத்திரண்டு வருஷத்தில் பெயர் இரண்டு தடவை மாறியது. வேலை அதேதான், வீடு வீடாகப் போய்க் குத்துவது.

"தளவாய், நீங்க வசூரி பாத்திருக்கேளா?" என்று கேட்டார் சேஷன்.

"பாத்திருக்கேன் ஸார்."

"நிறையவா?"

"அதே. நெறைய." தளவாயின் தமிழில் மலையாளம் கலந்திருக்கும்; அவர் 'அதே' என்றால் ஆமாம்.

சேஷன் பார்த்ததில்லை. அவர் காலேஜில் சேர்ந்தபோதே கேஸ் வருவது நின்றுபோயிருந்தது. பாடத்தில் படித்ததும், சர்க்கார் கொடுத்த கார்டில் பார்த்ததும்தான். கார்டில் ஒரு குழந்தையின் கலர் போட்டோ; உடம்பு முழுக்கக் கொப்புளம். பின்பக்கத்தில் வித்தியாசம் அச்சடித்திருந்தது. சின்னம்மை என்றால் நெஞ்சிலும் முதுகிலும் அதிகம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வராது. பெரியம்மை என்றால் முகத்திலும் கைகால்களிலும் அதிகம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும்.

"இந்தப் பொண்ணுக்குக் கையிலயும் கால்லயும்னு எழுதியிருக்கா" என்றார் சேஷன். "நீங்க நாளைக்கு முதல் பஸ்ஸுல போங்கோ. நான் ஜீப் வந்ததும் வரேன்."

*

செவ்வாய்க்கிழமை தளவாய் மலையடிவாரத்தில், வித்துராவில் பஸ் ஏறினார். தோட்டத்துக்குப் பிரிகிற வளைவில் இறங்கி நாலு மைல் நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் தடுப்பு மருந்து வைத்த தெர்மாஸ் குப்பி, இன்னொரு கையில் குடை. வழியில் இரண்டு இடத்தில் நின்று காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டார்.

லயத்தில் எட்டு வீடுகள். கடைசி வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பொன்முடியில் வேப்ப மரம் கிடையாது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் உடனே உள்ளே போகவில்லை. வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அடுப்புப் புகை, ஈரத்துணி, கஞ்சி. மறுபடியும் இழுத்தார். அவர் தேடிய நாற்றம் இல்லை. அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல அவருக்கு வராது. ஆனால் வசூரி முற்றிய வீட்டில் அது இருக்கும், வாசலிலேயே இருக்கும்.

மாடத்தி பாயில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கோமதியம்மாள் வேலைக்குப் போகாமல் இருந்தாள். விருந்தாளி வந்திருந்ததால் முந்தின நாளும் அவள் போகவில்லை.

தளவாய் மாடத்தியின் கையை வாங்கி விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் ஒன்பது கொப்புளம். நெல்மணி அளவில், சாம்பல் நிறத்தில், சுற்றிலும் சிவப்பு. மற்ற கையில் ஏழு. இரண்டு உள்ளங்காலிலும் இருந்தது. முட்டியில் சில. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சிலும் முதுகிலும் ஒன்றுமில்லை. முகத்தில் உதட்டோரம் இரண்டு, அவ்வளவுதான்.

கட்டைவிரலை ஒரு கொப்புளத்தின் மேல் வைத்து மெதுவாக உருட்டினார். மேல்தோலோடு இருந்தது.

"வாயத் தொற பாப்போம்."

நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் புண்.

"கஞ்சி குடிச்சாளா?"

"உப்புப் போட்டா கத்துதா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "உப்பில்லாமக் குடுக்கேன்."

"எத்தன நாள் காய்ச்சல்?"

"ஒரு நாள் அடிச்சுது அண்ணாச்சி. மறுநாளே பொரி. பொரி வந்ததும் காய்ச்சல் எறங்கிட்டு."

தளவாய் மாடத்தியின் இடது தோளைப் பார்த்தார். அம்மை குத்திய வடு இருந்தது. மற்றவர்கள் குத்துகிற இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே. அது அவர் கைவேலை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்த லயத்துக்கு வந்தபோது குத்தியிருப்பார்.

நிமிர்ந்து கோமதியம்மாளிடம் சொன்னார்: "இது பெரியம்மை இல்ல."

கோமதியம்மாளுக்குப் புரியவில்லை. "எது ஸார்?"

"நீ லெட்டர்ல எழுதியிருந்தியே. பெரியம்மை வந்திருக்குன்னு. அது இல்ல."

"வந்துதானே ஸார் இருக்காவ" என்றாள் கோமதியம்மாள். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவளைக் காட்டினாள். "எங்க அக்கா. பிள்ளைக்குப் பெரியம்மை. ஞாயித்துக்கெழமை வந்தாவ."

அந்த அக்காவின் பெயர் உச்சிமாகாளி. அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தளவாயைப் பார்த்தாள்.

தளவாயின் வீட்டிலும் அம்மாவின் அக்காவைப் பெரியம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். கடிதத்தை அவர் கையில் கொடுத்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். டாக்டர் கொடுக்கவில்லை, அது ஃபைலில் இருந்தது.

"நான் வந்ததுக்கா நீங்க ஊசியெல்லாம் தூக்கிட்டு வந்திய?" என்று கேட்டாள் உச்சிமாகாளி.

"ஆமா" என்றார் தளவாய்.

ஆனால் அதோடு எழுந்து போய்விட முடியாது. பொரி இருந்தது. அதுவும் கார்டில் சொன்ன இடத்திலேயே இருந்தது. அவர் லயத்தில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து இரட்டை முனை ஊசியால் குத்தினார். கார்டைக் காட்டி, இந்த மாதிரி யாருக்காவது வந்ததா என்று கேட்டார். யாருக்கும் வந்திருக்கவில்லை. பெண்கள் கார்டை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். போட்டோவில் இருந்த குழந்தை யாருடையது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். தெரியாது என்று தளவாய் சொன்னதை அவர்கள் நல்லதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

புதன்கிழமை ஜீப் வந்தது. சேஷன் இறங்கினார். வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டியிருந்தார். தளவாய் வெறும் முகத்தோடு நிற்பதைப் பார்த்ததும் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நடந்துகொண்டே தளவாய் கடித விஷயத்தைச் சொன்னார். சேஷன் நின்றார்.

"அக்காவா?"

"ஆமா ஸார். எங்க பக்கத்துல அப்படித்தான் பறயும்."

சேஷனின் முகம் கொஞ்சம் சிவந்தது. "டில்லி வரைக்கும் தந்தி போயாச்சு தளவாய்" என்றார். பிறகு, "குழந்தையைப் பார்க்கலாம்" என்றார்.

மாடத்தியின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். ஒன்பது கொப்புளத்தையும் பார்த்தார். பையிலிருந்து கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கார்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ளங்கையில இருக்கே."

"இருக்கு ஸார். பக்ஷே இது அல்ல. தொட்டுப் பாருங்க. வசூரின்னா தோலுக்கு அடியில பயறு பொதச்சு வச்ச மாதிரி உருளும். இது மேலாக்க நிக்கி. காய்ச்சலும் ஒரு நாள்தான் இருந்திருக்கு. அதுல மூணு நாள் காய்ச்சல் அடிச்சு ஆளு எந்திரிக்கவே முடியாமக் கெடந்து, அதுக்குப் பெறவுதான் பொரி வரும். இவ உக்காந்து கதை பேசுதா."

சேஷன் தொட்டுப் பார்த்தார். தளவாய் காட்டியபடியே கட்டைவிரலால் உருட்டினார். உருட்டியதில் ஒரு கொப்புளம் உடைந்து அவர் விரலில் ஈரமானது. மாடத்தி கையை இழுத்துக்கொண்டாள்.

"சின்னம்மையா?"

"அதுன்னா வயித்துலயும் முதுகுலயும் வேணும் ஸார். ஒண்ணு காய, ஒண்ணு பழுக்க, ஒண்ணு புதுசாப் பொறப்பட இருக்கும்."

"மீஸில்ஸ்?"

"மணல்வாரிக்குக் கண்ணு செவக்கும், இருமல் வரும். காதுக்குப் பின்னால தொடங்கும். கொப்புளம் கெட்டாது."

"அக்கியும் இல்ல" என்றாள் உச்சிமாகாளி, யாரும் கேட்காமலே. "அக்கி ஒரு பக்கமாப் படரும். இது ரெண்டு கையிலயும் சமமா இருக்கு. விளையாட்டம்மையும் இல்ல. நான் நாலு பிள்ளை வளத்தவ."

"அப்போ இது என்ன?" என்று கேட்டார் சேஷன்.

தளவாய் குழந்தையின் கையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது ஸார்" என்றார் தளவாய் கடைசியில். "அது இல்லேன்னு தெரியும்."

இதைத்தான் சேஷனால் எழுத முடியாது. ஃபாரத்தில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என்று மூன்று கட்டம் இருந்தது. நான்காவதாக 'இதர' என்று இருந்தது. அதற்கு எதிரே 'விவரம் எழுதவும்' என்று இருந்தது. அவர் கோழையல்ல. கார்டில் இருப்பதை மீறி, முப்பத்திரண்டு வருஷம் ஊசி குத்திய ஒருவருடைய கட்டைவிரலை நம்பி ஒரு கையெழுத்துப் போடுவதற்கு அவருக்கு இன்னும் வயதாகவில்லை, அவ்வளவுதான். கொப்புளத்தின் நீரை எடுத்துக் குப்பியில் அடைத்தார். அது டில்லிக்குப் போய்ப் பதில் வர இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை அந்த லயத்திலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு எழுதினார். காவலுக்குத் தளவாய்.

"வந்தவங்களும் போகக்கூடாதா?" என்று உச்சிமாகாளி கேட்டாள்.

"போகக்கூடாது."

"எம் மகளுக்கு இது ஒம்பதாம் மாசம் ஸார். நாலு நாளுக்குன்னு வந்தேன்."

சேஷன் தளவாயைப் பார்த்தார். தளவாய் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

*

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையைத் தளவாய்க்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே ஆறு தொட்டில்கள் தொங்கின. அவர் அவற்றுக்கு நடுவே ஒரு பெஞ்சில் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் உச்சிமாகாளி அவரிடம் வந்து கேட்டாள்: "இன்னைக்குப் போலாமா அண்ணாச்சி?" அவர் இல்லை என்பார். அவள் திரும்பிப் போவாள்.

வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு அவள் திரும்பிப் போகவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"இது அது இல்லேன்னு ஒமக்கே தெரியும். பெறவு என்னத்துக்கு எங்களக் கட்டிப் போட்டிருக்கேரு?"

"உத்தரவு."

"நீரு நெசமாவே பாத்திருக்கேரா அத?"

தளவாய் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த வருஷத்தில், ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு நோயாளிகளை அங்கே கொண்டுவந்து போடுவார்கள். வசூரிப்புரை என்று பெயர். வீட்டு ஆட்கள் யாரும் கூட வர மாட்டார்கள். அவர் அங்கே ஒன்றரை மாதம் இருந்தார். பாயில் படுக்க வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று வாழை இலையில் படுக்க வைத்தார்கள். திருப்பிப் போடும்போது இலையும் தோலும் சேர்ந்து வரும்.

"பதினோரு பேரு. நாலு பேரு நடந்து போனாங்க. இந்தப் பிள்ள பிராயத்துல ஒண்ணு இருந்துது. ஒம்பது நாளு எங் கையப் பிடிச்சிட்டே கெடந்துது. உருளும் கைக்குள்ள. பயறு மாதிரி. அது மறக்காது."

"பிள்ள?"

"பத்தாம் நாளு கையப் பிடிக்கல."

"அப்ப ஒமக்கு நல்லாத் தெரியும்" என்றாள் உச்சிமாகாளி. "அப்பக் கூட என்னைய விட மாட்டேரு."

"இன்னொண்ணு கேளு" என்றார் தளவாய். "இது என்னதுன்னு எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கு இன்னைக்கு வாயில புண்ணு. பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போவுது. நீ மாடத்திய அஞ்சு நாளா மடியில வச்சிருக்கே. இந்தக் கையோட பிரசவத்துக்குப் போயி, பொறந்த பிள்ளையத் தூக்குவே. பெரிய பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதது பச்சப்பிள்ளைக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. நானா இருந்தாப் போக மாட்டேன். உத்தரவு இல்லேன்னாலும்."

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதன்பிறகு போகலாமா என்று கேட்கவில்லை. ஆனால் அவர்மேல் கோபம் போகவில்லை. அதுவரை தானே கொண்டுவந்த காலைச் சாப்பாட்டை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். உப்புப் போடாமல்.

சனிக்கிழமை மாடத்தியின் கொப்புளங்கள் வற்றின. ஞாயிற்றுக்கிழமை அவள் உப்புப் போட்ட கஞ்சி குடித்தாள். திங்கட்கிழமை லயத்து வாசலில் நொண்டி ஆடினாள். வசூரியாக இருந்தால் அன்றைக்குத்தான் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும். தளவாய் இதையெல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தார்.

*

செவ்வாய்க்கிழமை ஜீப் டிரைவர் மட்டும் வந்தான். வேலிக்கு வெளியே நின்று ஒரு சீட்டை நீட்டினான். 'உடனே வரவும். வெளியே வர அனுமதி உண்டு. சேஷன்.'

டாக்டர் குவார்ட்டர்ஸில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சேஷன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்துகொள்ளவில்லை. தளவாய் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டினார்.

வலது உள்ளங்கையில் ஆறு. இடதில் நாலு. சாம்பல் நிறத்தில், சுற்றிலும் சிவப்பு.

"நேத்து காய்ச்சல் வந்தது" என்றார். "இன்னிக்குக் கார்த்தால இது. கால்லயும் இருக்கு. ஆத்துக்குச் சொல்லலே. யாருக்கும் சொல்லலே."

தளவாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டரின் கையை வாங்கிக் கட்டைவிரலால் உருட்டினார்.

"ஸாருக்கு வாய்ல புண்ணு உண்டோ?"

"உண்டு. காப்பி குடிக்க முடியலே."

"நெஞ்சுல?"

"இல்லே."

"அது தன்னே ஸார். மாடத்திக்கு வந்தது. உடஞ்சுதே கொப்புளம், அன்னைக்கு."

"வசூரி இல்லையே?"

"அல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சேஷன் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டார். அந்தக் கட்டைவிரலை இந்தத் தடவை அவர் கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது தளவாய்க்கும் தெரிந்தது. அவர் டாக்டரின் கையை விடாமலே சொன்னார்:

"ஸார், ஒரு காரியம். மேல எட்டு வீட்டுக்காரங்கள அடைச்சு வச்சிருக்கோம். இதே பொரிக்கு. ஸார் இப்ப வெளிய போனா அவங்களையும் விடணும். அவங்க உள்ள இருக்கணும்னா ஸாரும் உள்ள இருக்கணும்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக் கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னார். சேஷன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"எத்தனை நாள்ல ஆறித்து அவளுக்கு?"

தளவாய் நோட்டை எடுத்துக் காட்டினார்.

சேஷன் ஒரு காகிதத்தில் 'டாக்டருக்கு உடல்நலமில்லை, யாரும் உள்ளே வரக்கூடாது' என்று எழுதிக் கொடுத்தார். தளவாய் அதை வெளிக்கதவில் ஒட்டினார். காரணத்தை ஜில்லா ஆபீசுக்குப் போனில் சேஷனே சொன்னார். எனக்கும் வந்திருக்கிறது, நானும் இவரும் பார்த்தவரை இது வசூரி இல்லை, ஆனாலும் உள்ளேயே இருக்கிறேன் என்றார். ஜில்லா ஆபீசில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நாலு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். தளவாய் இரண்டு வேளையும் வந்து கையைப் பார்த்து நோட்டில் எழுதினார். நடுவில் மேலே போய் லயத்தையும் பார்த்துவிட்டு வந்தார்; அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஆறிக்கொண்டுவந்தது. ஐந்தாம் நாள் சேஷனின் கொப்புளங்கள் காய்ந்து உரிந்தன. அன்று மத்தியானமே, டில்லியிலிருந்து பதில் வரும்வரை காத்திராமல், தன் பொறுப்பில் காவலை எடுத்தார். ஃபாரத்தில் 'இதர' என்பதற்கு எதிரே, 'கொப்புளம் உள்ளங்கை, உள்ளங்கால், வாய். பெரியம்மை இல்லை. பெயர் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தளவாயையும் கையெழுத்துப் போடச் சொன்னார். ஃபாரத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் போட்டார்.

உச்சிமாகாளி அன்றைய கடைசி பஸ்ஸில் வித்துராவுக்கு இறங்கினாள். அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது பேரன் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டில் ஒரு வாரம் தங்கி, அதன்பிறகுதான் போய்த் தூக்கினாள். இதைக் கோமதியம்மாளுக்கு எழுதிய கடிதத்தில், அந்த ஊசிக்காரரிடம் சொல்லு, என் பேரனைப் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன் என்று எழுதச் சொல்லியிருந்தாள். கோமதியம்மாள் சொன்னாள். தளவாய் தலையை ஆட்டினார்.

டிசம்பரில் டில்லியிலிருந்து பதில் வந்தது. பெரியம்மைக் கிருமி இல்லை. என்ன கிருமி என்று அதிலும் இல்லை.

*

ஜனவரி முதல் வாரத்தில் சேஷன் மறுபடியும் தளவாயைக் கூப்பிட்டனுப்பினார். வலது கைக் கட்டைவிரலை நீட்டினார். நகம் அடியிலிருந்து பெயர்ந்து நின்றது. ஆள்காட்டி விரலிலும் அப்படியே. வலி இல்லை.

"இது அதோட சேர்ந்ததா, வேறயா?" என்று கேட்டார்.

தளவாய் குனிந்து பார்த்தார். விளக்கைப் பக்கத்தில் இழுத்தும் பார்த்தார். "அறியில்ல ஸார்" என்றார். "இத நான் கண்டதே இல்ல."

"வசூரிக்கு அப்புறம் நகம் போகுமோ?"

"ஸாருக்கு வந்தது வசூரி இல்லையே."

புத்தகத்தில் தேடிவிட்டதாகவும் கிடைக்கவில்லை என்றும் சேஷன் சொன்னார். பிறகு, "அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்தா என்ன?" என்றார்.

மறுநாள் போனார்கள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை. ஜீப்பைக் கண்டதும் குறுப்பு ஸார் ரிஜிஸ்டரோடு ஓடி வந்தார். இப்போது யாருக்கும் பொரி இல்லை என்று ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். மாடத்தியைக் கூப்பிடச் சொன்னார் சேஷன்.

அவள் வந்து நின்றாள். கையில் பாதி தின்ற கொய்யாக்காய்.

"கையக் காட்டு" என்றார் தளவாய்.

அவள் கொய்யாக்காயைச் சட்டையில் பிடித்துக்கொண்டு பத்து விரலையும் விரித்தாள். நான்கு விரலில் பழைய நகம் இல்லை. அடியிலிருந்து புது நகம், மெல்லியதாக, ரோஸ் நிறத்தில், பாதி வரை வளர்ந்திருந்தது.

சேஷன் குனிந்து தன் கட்டைவிரலை அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மாடத்தி அதைக் கவனமாகப் பார்த்தாள். "உங்களுக்கும் போச்சா?"

"ஆமா."

"பிச்சு எடுத்திராதீங்க ஸார். நான் ஒண்ணப் பிச்சேன், ரத்தம் வந்துட்டு. மத்ததெல்லாம் தானா விழுந்துது." அவர் கட்டைவிரலைத் தொட்டு, தளவாய் செய்வதுபோலவே மெதுவாக அழுத்திப் பார்த்தாள். "இது நாளைக்கு விழும். அதுக்கடுத்தது இன்னும் நாளாவும்."

"அப்புறம் வந்துடுமா?"

"வரும்" என்றாள். மணி அடித்தது. அவள் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

சேஷன் ஜீப்பில் ஏறியதும் தளவாயிடம் நோட்டைக் கேட்டு வாங்கினார். மடியில் வைத்து, அவள் சொன்னதை அப்படியே தேதி போட்டு எழுதினார்.